மே மாதத்து இரண்டு மேடுகள்

என் வேலை என்னவென்று அம்மா கேட்கும்போதெல்லாம், ஊர்வம்பை எண்ணிக் கணக்கெழுதும் வேலை என்றுதான் சொல்லி வருகிறேன். அது முழுப் பொய்யும் அல்ல. தோக்கியோவில் நான் பணியாற்றும் சிறிய நிறுவனத்துக்கு, விளம்பரம் கொடுக்க எண்ணும் பெரிய நிறுவனங்கள் வரும். தாங்கள் மனத்தில் வைத்திருக்கும் நடிகரையோ விளையாட்டு வீரரையோ பற்றி மக்கள் இணையத்தில் எவ்வளவு பேசுகிறார்கள், எந்த நாள்களில் பேசுகிறார்கள், அன்போடு பேசுகிறார்களா அல்லது திட்டுகிறார்களா என்று அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவார்கள். நாங்கள் பதிவுகளைத் திரட்டி, எண்ணி, வரைபடம் போட்டுக் கொடுப்போம். சென்னையில் ஜப்பானிய மொழி படித்தவள், நிரல் எழுதவும் தெரிந்தவள் என்பதால் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நான் செய்த ஒரு பிழையும், அந்தப் பிழையைத் திருத்தப் போய் நான் கற்றுக்கொண்டவையும் இன்றுவரை என் வேலையின் போக்கையே மாற்றி வைத்திருக்கின்றன.

அந்த அறிக்கை ஓய்வுபெற்ற கால்பந்து வீரர்கள் சிலரைப் பற்றியது. ஒரு பான நிறுவனம் கேட்டிருந்தது. பட்டியலில் முதல் பெயர் ஹிதெதோஷி நகாதா. 1977-இல் யாமனாஷி மாநிலத்தின் கோஃபு நகரில் பிறந்தவர். ஜப்பான் முதன்முதலாக உலகக்கோப்பைக்குச் சென்ற 1998-இலும், அதற்கடுத்த 2002, 2006 ஆகிய இரு உலகக்கோப்பைகளிலும் அணியின் நடுக்களத்தைத் தாங்கி நின்றவர். 1998-இல் இத்தாலியின் பெருஜா அணியில் சேர்ந்து, முதல் லீக் ஆட்டத்திலேயே யுவெந்துஸுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தவர். பிறகு ரோமா, பார்மா, போலோஞ்ஞா, ஃபியோரெந்தினா, கடைசியாக இங்கிலாந்தின் போல்ட்டன் என்று சுற்றிவிட்டு, 29 வயதிலேயே பந்தைக் கீழே வைத்தவர். நாட்டுக்காக 77 ஆட்டங்கள், 11 கோல்கள். விட்டுப் போய் இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும் ஒரு பான நிறுவனம் தன் பட்டியலின் தலையில் அவர் பெயரை எழுதுகிறது என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. கால்பந்தைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் வரைந்து கொடுத்த வரைபடத்தில் அவருடைய பெயர் மலைத்தொடர் போல் எழுந்து நின்றது. ஆண்டு முழுவதும் உயரமான கோடு. மே மாதத் தொடக்கத்தில் மட்டும் அதைவிட உயரமான ஒரு சிகரம். இவரைப் போல் பேசப்படும் முன்னாள் வீரர் வேறு யாரும் இல்லை என்று ஒரு வரியும் எழுதி, துறைத் தலைவரான கச்சோவின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு, குரலை உயர்த்தாமல், மூலப் பதிவுகளில் ஏதாவது நூறை எடுத்துப் படித்தீர்களா என்று கேட்டார். படிக்கவில்லை. நிரல் எண்ணியதை நான் அப்படியே நம்பியிருந்தேன்.

அன்று மாலை நூறு பதிவுகளைத் தாளில் அச்சிட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறப் பேனாக்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவரைப் பற்றியதென்றால் பச்சை, வேறொருவரைப் பற்றியதென்றால் சிவப்பு, சொல்ல முடியாவிட்டால் மஞ்சள். ஒரு மணி நேரத்தில் சிவப்புப் பேனாதான் தேய்ந்தது.

நகாதா என்ற குடும்பப் பெயருக்கு ஜப்பானிய எழுத்தில் இரண்டே சித்திர எழுத்துகள்: 'நடு' ஒன்று, 'வயல்' ஒன்று. நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் பெயர் உண்டு. அவற்றுள் சில கடைசி அசையை, 'பத்து' என்பதில் வரும் தகரம் போலன்றி 'பந்து' என்பதில் வரும் தகரம் போல உச்சரிக்கும். இந்த வேறுபாட்டை எழுத்தில் காட்ட முடியாத சங்கடம் தமிழுக்கு மட்டுந்தான் என்று நினைத்திருந்த எனக்கு, சித்திர எழுத்துகளும் அதே சங்கடத்தில் இருப்பதைக் கண்டு ஓர் அற்ப மகிழ்ச்சி ஏற்பட்டது. ஆனால் அன்றைய சிக்கல் உச்சரிப்பில் இல்லை. 2019 முதல் யூடியூபில் பாடம் நடத்தி வரும் அத்சுஹிகோ நகாதா என்ற நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் இருக்கிறார். வரலாறு, பொருளாதாரம், இலக்கியம் என்று எதை எடுத்தாலும் வெள்ளைப்பலகையின் முன் நின்று விளாசித் தள்ளுபவர். தம் அலைவரிசைக்கு 'நகாதா பல்கலைக்கழகம்' என்றே பெயர் வைத்திருப்பவர். ஆண்டு முழுவதும் என் வரைபடத்தில் உயர்ந்து நின்ற கோடு அவருடையது. கால்பந்து வீரரின் புகழ் என்று நான் எழுதியதில் பாதிக்கு மேல் அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்களின் பேச்சு.

மிச்சமிருந்ததிலும் கலப்படம் இருந்தது. கோஜி நகாதா என்ற இன்னொரு வீரர், அதே இரு எழுத்துகள், அதே தேசிய அணி. 2002, 2006 ஆகிய இரு உலகக்கோப்பை அணிகளிலும் இருவரும் சேர்ந்தே இடம்பெற்றிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள் இந்தக் குழப்பத்தை எளிதாகத் தீர்த்திருந்தன: குடும்பப் பெயரை அடுத்து ஒருவருக்கு அவருடைய பெயரின் முதல் எழுத்தையும், மற்றவருக்கு அவருடைய பெயரின் முதல் எழுத்தையும் ஒட்டி மூன்றெழுத்தாக அச்சிட்டார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ரசிகர்கள் இன்றும் மூன்றெழுத்தாகவே எழுதுகிறார்கள். என் நிரல் அந்த மூன்றெழுத்தைத் தேடவேயில்லை. ஆக, வேண்டாதவர்களை எல்லாம் உள்ளே விட்ட நான், அவரை அதிகம் நேசித்தவர்களை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன்.

சிகரத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. ஹிதெதோஷியை ரசிகர்கள் 'ஹிதே' என்று அழைப்பார்கள். எக்ஸ் ஜப்பான் இசைக்குழுவின் கிதார் கலைஞர் ஒருவருக்கும் மேடைப்பெயர் ஹிதே. அவர் 1998 மே 2 அன்று இறந்தார். ஆண்டுதோறும் அந்த நாளில் அவருடைய ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் அஞ்சலி எழுதுகிறார்கள். கால்பந்து வீரரின் புகழ்ச் சிகரம் என்று நான் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தது ஓர் இசைக்கலைஞரின் நினைவுநாள். அந்த அறிக்கை வெளியே போயிருந்தால், இறந்தவருக்கான கண்ணீரை அளந்து, அதைக் காட்டி ஒரு பானத்துக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்த பாவம் எனக்கு வந்து சேர்ந்திருக்கும். தேய்ந்த சிவப்புப் பேனாவுடன் கடைசி ரயிலைப் பிடித்து நிஷி-கசாயில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

விலக்குச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பதே தீர்வு என்று மறுநாள் முடிவானது. பல்கலைக்கழகம், கிதார், குழுவின் பெயர், பாடல்களின் பெயர்கள் என்று ஒன்றொன்றாகச் சேர்த்தேன். கோடு மளமளவென்று சரிந்தது. மலைத்தொடர் போய் வயல்வரப்பு ஆயிற்று. வெட்டியது சரிதானா என்று பார்க்க, எங்கள் குழுவின் மூத்த பெண் ஊழியர் ஒருவரிடம் தாள்களைக் கொண்டுபோனேன். அவரைச் சென்பாய் என்றுதான் அழைப்பேன். எனக்கு மூத்தவர், யாமனாஷிக்காரர், நகாதா படித்த நிராசாகி உயர்நிலைப் பள்ளி இருக்கும் ஊருக்கு அடுத்த ஊரில் வளர்ந்தவர். தாள்களைப் புரட்டியவர் நான் மஞ்சள் அடித்திருந்த ஒரு பதிவில் விரலை வைத்து வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பதிவில் யாரோ ஒருவர் தம் மேலாளரைப் பற்றிப் புலம்பிவிட்டு, "மாயெஸோனோ-சான் சொன்னபடியே" என்று முடித்திருந்தார். அது யார், எதற்காக என்று எனக்கு விளங்காததால்தான் மஞ்சள்.

சென்பாய் விளக்கினார். 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஜப்பானின் இளைஞர் அணி மயாமியில் நடந்த ஆட்டத்தில் பிரேசிலை 1-0 என்று வென்றது. அந்த அணியின் தலைவர் மாயெஸோனோ, அணியின் இளையவர்களில் ஒருவர் நகாதா. இருவரும் அதே காலத்தில் ஓர் உடனடி நூடுல்ஸ் விளம்பரத்தில் சேர்ந்து நடித்தார்கள். அதில் நகாதா சொல்லும் வசனம் அது. மூத்தவர் சொன்னதற்கு இளையவர் தலையாட்டும் ஒரு சாதாரண வாக்கியம், நடிக்கத் தெரியாத இளைஞனின் தட்டையான குரலில் வந்ததால் நாடு முழுவதும் ஒட்டிக்கொண்டது. அலுவலகத்தில் மேலதிகாரி சொல்வதற்கெல்லாம் ஆமாம் போட வேண்டியிருக்கும் ஒருவர், இன்றும் அந்த வசனத்தை எழுதிவிட்டுப் போகிறார். அங்கே நகாதா என்ற பெயர் இல்லை, ஹிதே இல்லை, கால்பந்தே இல்லை. ஆனால் படிப்பவர்கள் எல்லாருக்கும் அந்தக் குரல் கேட்கிறது. என் நிரலுக்கு மட்டும் கேட்கவில்லை.

பெயரைச் சொல்லிப் பேசப்படுவது ஒரு நிலை. பெயரைச் சொல்லாமலே பேசப்படுவது அதற்கும் மேலான நிலை என்று எனக்கு அன்று பட்டது. எங்கள் தொழில் முதல் வகையை மட்டுமே எண்ணுகிறது. கச்சோவிடம் இதைச் சொன்னபோது, பெயர்களை எண்ணித் தருவதற்குத்தான் வாடிக்கையாளர் பணம் தருகிறார் என்று பதில் வந்தது. அதுவும் நியாயந்தான்.

சென்பாய் அதோடு விடவில்லை. மதிய உணவு வேளைகளில் எனக்குப் பாடம் நடத்துவதை ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டார். இணையத்தில் நகாதாவின் புகழ் ஓய்வுக்குப் பிறகு வந்ததல்ல, இந்த நாட்டில் விளையாட்டு வீரர்கள் இணையத்தில் நேரடியாகப் பேசும் வழக்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர் என்பதை அவர் மூலமாகத்தான் அறிந்தேன். 1998-இன் தொடக்கத்தில், தேசியகீதத்தைப் பற்றி அவர் சொன்னதாக ஒரு நாளிதழில் வந்த செய்தி பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. வலதுசாரிக் குழுக்களிடமிருந்து மிரட்டல்கள் வந்தன. தாம் சொன்னது வேறு பொருளில் அச்சேறியதாகக் கருதிய அவர், பத்திரிகையாளர்களிடம் பேசுவதை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டார். அதே ஆண்டில் நகாதா.நெட் என்ற தம் சொந்தத் தளத்தைத் தொடங்கி, ஆட்டத்தைப் பற்றியும் அன்றாடத்தைப் பற்றியும் ரசிகர்களுக்குக் கடிதம் போல எழுதத் தொடங்கினார். இத்தாலியில் அவரைத் துரத்திக்கொண்டு திரிந்த ஜப்பானிய நிருபர் கூட்டம், அவர் வாயைத் திறக்காததால், அவருடைய தளத்தைப் படித்து அதையே செய்தியாக அனுப்பிய நாள்கள் உண்டு. தொலைபேசிக் கம்பியில் கரகரவென்று சத்தமிட்டு இணைப்புக் கிடைக்கும் காலம் அது. இரவு பதினொரு மணிக்கு மேல் இணைப்புக் கட்டணம் மலிவு என்பதால் பள்ளி மாணவியாக இருந்த சென்பாய் அந்த நேரத்துக்காக விழித்திருப்பாராம்.

இப்போது எந்த வீரருக்கும் சொந்தக் கணக்கு இருக்கிறது, எழுதிக் கொடுக்க ஆளும் இருக்கிறது. ஆகவே அந்தத் தளம் எப்படி இருந்தது என்பதை எனக்குப் புரியவைக்க அவர் ஓய்வு அறிவிப்பை எடுத்துக் காட்டினார். 2006 ஜூன் 22, டோர்ட்முண்டில் பிரேசிலிடம் 4-1 என்று தோற்று ஜப்பான் உலகக்கோப்பையிலிருந்து வெளியேறியது. எல்லாரும் உள்ளே போன பின்னும் நகாதா ஆடுகளத்தின் நடுவட்டத்தில் மல்லாந்து கிடந்தார். ஏன் என்று அன்று யாருக்கும் தெரியாது. ஜூலை 3 அன்று, பத்திரிகையாளர் சந்திப்பு எதுவும் இல்லாமல், அவருடைய தளத்தில் ஒரு கடிதம் வந்தது. தலைப்பு: 'வாழ்க்கை என்பது பயணம், பயணம் என்பது வாழ்க்கை'. எட்டு வயதில், குளிர்காலத்தில், யாமனாஷியின் ஒரு தொடக்கப்பள்ளி மைதானத்தின் மூலையில் தொடங்கிய பயணம் என்று அது ஆரம்பிக்கிறது. இந்த உலகக்கோப்பையோடு நிறுத்திவிடுவதென்று அரையாண்டுக்கு முன்பே தீர்மானித்துவிட்டதாகச் சொல்கிறது.

அந்தக் கடிதத்தைப் படித்தபோது என் கண் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டது. ஜப்பானிய மொழியில் 'நான்' என்பதற்குப் பல சொற்கள் உண்டு. அலுவலகத்தில் நாங்கள் எல்லாரும் சொல்வது 'வதாஷி'. ஓர் அறிவிப்பை, அதுவும் நாடே படிக்கப்போகும் அறிவிப்பை எழுதுகிறவர் அதையோ, இன்னும் பணிவான வடிவத்தையோதான் எழுதுவார். நகாதா எழுதியிருந்தது 'ஓரே'. திண்ணையில் சாய்ந்துகொண்டு கூட்டாளியிடம் பேசும்போது ஓர் ஆண்பிள்ளை தன்னைச் சொல்லிக்கொள்ளும் சொல் அது. நம் மொழியில் இதற்கு ஈடாக ஒரு சொல்லைக் காட்ட முடியவில்லை. நமக்கு 'நான்' ஒன்றுதான். எதிரில் இருப்பவரை நீ என்கிறோமா நீங்கள் என்கிறோமா என்பதில்தான் நம் நெருக்கம் தெரியும். அவர்களுக்கோ தன்னைச் சொல்லும் சொல்லிலேயே அது தெரிந்துவிடுகிறது. கோடிக்கணக்கானோரிடம் விடைபெறும் கடிதத்தை அவர் ஒரே ஒரு நண்பனுக்கு எழுதுவது போல் எழுதிவிட்டுப் போய்விட்டார். அதைப் படித்த ஒவ்வொருவரும் அந்த நண்பன் தான்தான் என்று நினைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

போனவர் உண்மையிலேயே போய்விட்டார் என்பதுதான் மற்றொரு பாதி. பயிற்சியாளர் ஆகவில்லை. உலகம் சுற்றினார். 2009-இலிருந்து தம் நாட்டு மாநிலங்களைத் தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வொன்றாகச் சென்று பார்த்து, கைவினைஞர்களையும் சாகே எனப்படும் அரிசி மது காய்ச்சுபவர்களையும் சந்தித்தார். இப்போது அந்த மதுவை உலகுக்குக் கொண்டுசேர்க்கும் தொழிலை நடத்துகிறார். தோக்கியோவின் ரொப்பொங்கி ஹில்ஸில் வசந்தகாலத்தில் நடக்கும் அவருடைய சாகே விழாவின் போது என் வரைபடத்தில் ஒரு சிறு மேடு வரும். அந்த மேட்டில் எழுதுபவர்களில் சிலருக்கு அவர் பந்து விளையாடியவர் என்பதே தெரிவதில்லை.

பட்டியலில் இருந்த மற்றவர்களின் கோடுகள் வேறு விதமானவை. 2020-இல் ஓய்வுபெற்ற அத்சுதோ உச்சிதா அப்போது கால்பந்து நிகழ்ச்சி ஒன்றை நடத்தி வந்தார். நிகழ்ச்சி வரும் நாளில் கோடு ஏறும், மறுநாள் இறங்கும். நாடித்துடிப்பு போல் சீராக இருக்கும். 2022-இல் ஓய்வுபெற்ற ஷுன்சுகே நகாமுராவின் கோடு அவருடைய இடதுகாலின் கோடு. 2006 நவம்பரில் செல்டிக் அணிக்காக மான்செஸ்டர் யுனைடெடுக்கு எதிராக அவர் கோலாக்கிய தனி உதையை (ஃப்ரீ கிக்) கிளாஸ்கோவில் யாராவது மீண்டும் பகிர்ந்தால் இங்கே ஏறும். வாடிக்கையாளருக்கு உச்சிதாவின் கோடு பிடித்திருந்தது. எப்போது ஏறும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிற புகழ்தான் விளம்பரத்துக்கு உதவும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். நகாதாவின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. திருத்திய அறிக்கைக்காக மூன்று வாரம் உழைத்த எனக்கு அது ஏமாற்றமாக இருந்தாலும், அவர்கள் முடிவில் தவறு காண முடியவில்லை.

ஆனால் விலக்குச் சொற்களின் பட்டியல் என்னிடமே இருந்தது. அடுத்த ஆண்டு மே மாதம், வேறு யாரும் கேட்காமலே, சும்மா ஓட்டிப் பார்த்தேன். மே 2-ஆம் தேதியின் பெருஞ்சிகரம் மறைந்து போயிருந்தது. அது இருந்த இடத்துக்கு வலப்பக்கம், நான்கு நாள் தள்ளி, இதுவரை சிகரத்தின் நிழலில் கிடந்த ஒரு சிறிய மேடு தெரிந்தது. மே 6. பதிவுகளைத் திறந்தால் பாதி இத்தாலிய மொழி.

அதற்குள் சென்பாயின் புண்ணியத்தில் எனக்கு அந்தத் தேதி தெரிந்திருந்தது. 2001 மே 6, தூரின் நகரம். பட்டத்துக்காகப் போட்டியிட்ட யுவெந்துஸும் ரோமாவும் மோதிய ஆட்டம். முதல் ஆறு நிமிடங்களுக்குள் தெல் பியெரோவும் ஸிதானும் அடித்து யுவெந்துஸ் 2-0 என்று முன்னணியில் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த வீரர்களுக்கு இத்தாலிய லீக்கில் இருந்த வரம்பு அந்த ஆட்டத்துக்குச் சில நாள்களுக்கு முன்னர்தான் தளர்த்தப்பட்டிருந்தது. அது தளராமல் இருந்திருந்தால் நகாதா அன்று மாற்று வீரராகக்கூட உட்கார்ந்திருக்க முடியுமா என்பது ஐயமே. இரண்டாம் பாதியில் பயிற்சியாளர் கபெல்லோ, ரோம் நகரத்தின் செல்லப்பிள்ளையான தோத்தியை வெளியே எடுத்துவிட்டு நகாதாவை இறக்கினார்.

கச்சோ என் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. திரையில் இருந்த வரைபடத்தைக் காட்டி, இந்தச் சின்னதுதான் அவரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ன இருக்கிறது அதில் என்றார். ஒரு பதிவில் இருந்த காணொளியை ஓடவிட்டேன். படம் மங்கல். 79-ஆம் நிமிடம், பந்தை மேலே எடுத்து வந்தவர் கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்கு வெகு தொலைவிலேயே கால் வீசுகிறார். பந்து வலையின் மேல்மூலைக்குள் போகிறது. இத்தாலிய வர்ணனையாளர் கத்துகிறார். ஆட்டத்தின் கூடுதல் நிமிடங்களில் மறுபடியும் அவர் உதைக்க, யுவெந்துஸின் கோல்காவலர் வான் டெர் சார் பிடிக்க முடியாமல் தட்டிவிட, ஓடி வந்த ரோமா வீரர் மொந்தெல்லா உள்ளே தள்ளுகிறார். 2-2. அந்த ஒரு புள்ளியோடு ரோமா தன் முன்னணியைக் காத்துக்கொண்டு, ஜூன் 17 அன்று, 1983-க்குப் பின் முதன்முறையாகப் பட்டம் வென்றது. காணொளியின் கீழே ரோம் நகரத்துக்காரர் ஒருவர் இத்தாலிய மொழியில் ஒரு வரி எழுதியிருந்தார். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். அன்று தன் தந்தை சமையலறை நாற்காலியை உடைத்துவிட்டார் என்று இருந்தது. நகாதாவின் பெயர் அதில் இல்லை.

கச்சோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொரு முறை போடுங்கள் என்றார். போட்டேன். நாற்காலிப் பதிவு எண்ணிக்கையில் வருமா என்று கேட்டார். வராது, பெயர் இல்லையே என்றேன். உணவு இடைவேளை முடிந்ததற்கான மணி அடித்தது. அவர் தம் மேசைக்குப் போனார், நான் சாளரத்தை மூடினேன்.